"படிக்காவிட்டால் கராஜுக்குத்தான் போக வேண்டும்": ஒரு பழைய எம்.ஜி. காரின் வரலாறு



நாலு வருடமாக எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும் பொருளைப் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. "மாஸ்டர் பழைய இரும்பு யாவாரம் தொடங்கிட்டாரா?" என்று பள்ளிவாசல் வாசலில் கேட்டவர்கள் உண்டு. "அந்தக் காசுக்கு ஒரு த்ரீவீல் எடுத்திருந்தால் வருமானமாவது வந்திருக்கும்" என்று நேரடியாகச் சொன்னவர்களும் உண்டு. எங்கள் உம்மாவோ ஒவ்வொரு ரமழானுக்கும் முன்னால் வீடு துப்புரவாக்கும்போது, "இத எப்ப மகன் தூக்குற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில் எழுத வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தோம். நாங்கள் வரலாறு படிப்பிப்பவர்கள். ஆகவே பதிலும் கொஞ்சம் வரலாறாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு குற்ற ஒப்புதலும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது ஒரு எம்.ஜி. மிட்ஜெட். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, குள்ளமான பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். இந்த வகை 1961ல் வெளிவந்து 1979 வரை இங்கிலாந்தின் அபிங்டன் என்ற சிறிய ஊரில் செய்யப்பட்டது. எங்களுடையது ஆரம்ப காலத்தது. கம்பளைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் மாட்டுக் கொட்டிலில், வைக்கோலுக்கும் உடைந்த கட்டில்களுக்கும் நடுவில் கிடந்தது. கறள் தின்று முடித்த மிச்சத்தைத்தான் லொறியில் ஏற்றி வந்தோம். தரையின் ஓட்டை வழியாகக் கையை விட்டால் மண்ணைத் தொடலாம்.

எம்.ஜி. என்ற இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் கேட்டோம். ஒருவன் "எம்.ஜி.ஆர். சேர்" என்றான். சிரித்தோம். உண்மையான விரிவு "மொரிஸ் கராஜஸ்". மொரிஸ் என்பவருடைய கராஜ். அவ்வளவுதான். உலகம் முழுவதும் பணக்காரப் பிள்ளைகள் ஆசைப்பட்ட ஒரு காரின் பெயரே ஒரு கராஜின் பெயர். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மொரிஸின் முழுப் பெயர் வில்லியம் மொரிஸ். 1877ல் பிறந்தவர். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு சைக்கிள் கடையில் வேலை பழகப் போனார். 1893ல், பதினாறு வயதில், கையிலிருந்த நாலு பவுண்களை முதலாக வைத்து, ஒக்ஸ்போர்டில் பெற்றோரின் வீட்டிலேயே சைக்கிள் திருத்தும் வேலையைத் தொடங்கினார். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள், அதிலிருந்து கார் திருத்தும் கராஜ், பிறகு 1913ல் சொந்தப் பெயரில் கார். முதலாம், இரண்டாம் உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியாவின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளர்களில் ஒருவராக ஆனார். பிற்காலத்தில் நஃபீல்ட் பிரபு என்று அழைக்கப்பட்டார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1937ல் அவருடைய கொடையில் ஒரு கல்லூரியே எழும்பியது. 1938ல், மூச்சு விட முடியாத போலியோ நோயாளிகளைக் காப்பாற்றும் இரும்பு நுரையீரல் இயந்திரங்களைத் தன் கார்த் தொழிற்சாலையில் செய்து, பிரித்தானியப் பேரரசின் எந்த ஆஸ்பத்திரி கேட்டாலும் இலவசமாகத் தருவதாக அறிவித்தார். பள்ளியை விட்டுக் கராஜுக்குப் போன பொடியன் செய்த வேலை இது.

மொரிஸின் கராஜுக்கு 1922ல் முகாமையாளராக வந்த செசில் கிம்பர் என்பவர்தான், சாதாரண மொரிஸ் கார்களின் அடித்தளத்தில் இலகுவான, அழகான உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். எம்.ஜி. பிறந்த கதை அது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஏதோ தனிச் சாதி என்று நினைக்கிறோம். அது சாதாரண மனிதரின் காருக்கு வேறு சட்டை போட்டதுதான்.

எங்கள் மிட்ஜெட்டும் அப்படியே. இதை நாங்கள் வாங்கத் துணிந்ததற்குக் காரணமும் அதுதான். இதன் போனட்டைத் திறந்து பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "இது மைனர் எஞ்சின்தானே!" என்றார். சரியாகச் சொன்னார். 1951ல் ஒஸ்டின் நிறுவனம் செய்த ஏ-சீரிஸ் என்ற சிறிய எஞ்சின், அடுத்த வருடம் ஒஸ்டினும் மொரிஸும் ஒரே கம்பனியானதும் மொரிஸ் மைனருக்குள் போனது. அதே குடும்பத்து 948 சிசி எஞ்சின் 1958ல் ஒஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும், பிறகு அதன் இரட்டைப் பிறவியான மிட்ஜெட்டுக்கும் போனது. ஸ்டியரிங் பொறிமுறை மைனரிலிருந்து வந்தது. முன் சில்லுகளின் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ35 காரிலிருந்து வந்தது. ஒரு வித்தியாசம், மைனருக்கு ஒரு காபரேட்டர், மிட்ஜெட்டுக்கு இரண்டு.

அதாவது, இலங்கையில் மிட்ஜெட் அபூர்வம். ஆனால் அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. மொரிஸ் மைனரை அறியாத இலங்கையர் யார்? எங்கள் சிறு வயதில் டொக்டர் ஐயாவின் கார், தலைமை ஆசிரியரின் கார், கலியாண மாப்பிள்ளையின் கார் எல்லாம் அதுதான்.

மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் 1906ல் பிறந்தது உதுமானிய ஆட்சிக்குட்பட்ட இஸ்மிர் நகரத்தில். 1922ல் போர் நகரத்தைச் சூழ்ந்தபோது குடும்பத்தோடு அகதியாகக் கப்பலேறினார். இங்கிலாந்தில் பொறியியல் படித்தபோது கணிதப் பரீட்சையில் மூன்று முறை தோற்றார். ஆனால் அவருடைய கை வரையும். காரின் ஒவ்வொரு பகுதியையும் தாளில் வரைந்து காட்டுவார். மாதிரிக் கார் தயாரானபோது அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. காரை நெடுக்காக இரண்டாக வெட்டச் சொன்னார். இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் கூட்டியதும் "இதுதான்" என்றார். மைனரின் போனட்டுக்கு நடுவில் ஒரு பட்டி ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நாலு அங்குலத்தின் அடையாளம் அது. நஃபீல்ட் பிரபுவுக்கு அந்தக் கார் பிடிக்கவே இல்லை. உடைத்து அவித்த முட்டை போல இருக்கிறது என்று பழித்தார். 1948ல் சந்தைக்கு வந்த அந்த முட்டை, 1960ன் இறுதியில் பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானிய கார் ஆனது.

இனி எங்கள் நாட்டுப் பக்கம் வருவோம்.

கண்டிக்கு வரும் கார் எதுவும் முதலில் கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். பழையவர்கள் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறக்க, அங்கே காரை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிய கதைகளை இன்றும் சொல்வார்கள். கண்டியிலிருந்து மேலே போனால் ரம்பொடை வளைவுகள், அதற்கு மேல் நுவரெலியா. அங்கே மகாகஸ்தோட்டையில் 1934ல் தொடங்கிய மலையேற்றக் கார்ப் பந்தயம் ஆசியாவின் பழைய மோட்டார் பந்தயங்களில் ஒன்று. தோட்டத் துரைமார் எம்.ஜி. போன்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆசை வைத்ததற்கு இந்த மலைப்பாதைகள் ஒரு காரணம். வளைவு வளைவாக ஏறும் பாதையில் பெரிய எஞ்சினை விடச் சின்ன உடம்பும் கூர்மையான ஸ்டியரிங்கும்தான் பிரயோசனம்.

காரின் இலக்கத் தகட்டிலும் வரலாறு இருக்கிறது. 1950களின் நடுப்பகுதி வரை வந்த கார்களில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று தொடங்கும் தகடுகளை இன்றும் பழைய கார்களில் காணலாம். தனிச் சிங்களச் சட்டம் 1956ல் வந்தது. அதற்குப் பிறகு, 1957லிருந்து புதிதாகப் பதியும் வாகனங்களில் அந்த எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1958ல் அந்த ஸ்ரீ எழுத்தோடு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ்கள் யாழ்ப்பாணம் போனபோது, அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதும் போராட்டம் மூண்டது. பதிலுக்குத் தெற்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தார் பூசினார்கள். பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் நாடு எரிந்தது. கையளவு தகரத்தில் ஓர் எழுத்து!

எங்கள் மிட்ஜெட்டின் தகட்டில் ஸ்ரீ இருக்கிறது. கறளைச் சுரண்டும்போது அந்த எழுத்து மெதுவாக வெளியே வந்தது. சுற்றி நின்ற பொடியன்களுக்கு அது வெறும் பழைய தகடு. அவர்களை உட்கார வைத்து 1958ஐச் சொன்னோம். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிவதை அன்று ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். பிற்காலத்தில் ஸ்ரீ போய் வெறும் இலக்கங்கள் வந்தன. 2000ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துகளே திரும்பி வந்துவிட்டன. இடையில் போன உயிர்கள்தான் திரும்பவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

1960களின் தொடக்கத்தில் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி வற்றத் தொடங்கியது. தேயிலைக்குக் கிடைத்த விலை போதவில்லை. அரசாங்கம் கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1968ல் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்ற முறை வந்தது. அத்தியாவசியமல்லாத பொருளை இறக்குவதானால் டொலருக்குக் கூடுதல் விலை. 1970லிருந்து 1977 வரை நிலைமை இன்னும் இறுகியது. துணிக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற காலத்தில் காருக்கு உதிரிப்பாகம் யார் கொண்டுவருவது? பதினைந்து வருடங்களுக்கு மேல், நாட்டில் ஏற்கனவே இருந்த கார்களைத்தான் ஓட்ட வேண்டும் என்ற நிலை. நாங்கள் சாதாரண தர வகுப்பில் "மூடிய பொருளாதாரம்" என்று கரும்பலகையில் எழுதுவது இதைத்தான்.

அந்தப் பதினைந்து வருடமும் இந்தக் கார்களை ஓட வைத்தது அபிங்டனும் இல்லை, ஒக்ஸ்போர்டும் இல்லை. எங்கள் பாஸ்மார்தான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் அந்தத் தொழிலில் இருந்தார்கள். கராஜுக்குள் ஸ்பேனருக்கு மொழி இல்லை.

மைனர் எஞ்சின் என்று ஒரே பார்வையில் சொன்னார் என்றோமே, அந்தப் பெரியவரும் அப்படியொரு பாஸ். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேல் கராஜ் நடத்தியவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் சொல்லும் கதைகளைக் கேட்டால், தட்டுப்பாடு எப்படி ஒரு பல்கலைக்கழகமாக இருந்தது என்று புரியும். தேய்ந்த சிலிண்டருக்கு லேத்தில் உறை கடைந்து இறக்குவார்கள். ஒடிந்த ஸ்பிரிங் தகட்டைக் கொல்லன் பட்டறையில் காய்ச்சி வளைப்பார்கள். ரேடியேட்டரை அக்கு அக்காகக் கழற்றி, குழாய் குழாயாக ஈயம் வைத்து ஒட்டுவார்கள். கிடைக்காத பாகத்தைக் கையால் செய்வார்கள். செய்ய முடியாததைக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், உடைந்த கார்களின் குவியலில் தேடி எடுத்து வருவார்கள். எந்தக் காரின் எந்தத் துண்டு எந்தக் காருக்குப் பொருந்தும் என்ற பட்டியல் புத்தகத்தில் இல்லை, தலைக்குள் இருந்தது.

1977ல் பொருளாதாரம் திறந்தது. ஜப்பான் கார்கள் வெள்ளமாக வந்தன. பல மைனர்களுக்கு டட்சன் எஞ்சின் ஏறியது. மிச்சம் பழைய இரும்பு விலைக்குப் போயின. பாஸ்மாரின் பிள்ளைகள் கடை போட்டார்கள், வெளிநாடு போனார்கள். குறை சொல்வதற்கில்லை.

ஆனால் வரலாறு ஒரு விசித்திரமான வளைவு எடுத்தது. இங்கிலாந்தின் பாத் நகரத்தில் சார்ல்ஸ் வெயர் என்பவர் 1976ல் மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். புதுக் கார் வாங்கி ஐந்து வருடத்தில் எறிவதை விட, நல்ல பழைய காரை ஒழுங்காகத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே குடும்பத்துக்கு இலாபம் என்பது அவர் வாதம். காசு இரும்புக்குப் போகாமல் கைத்தொழிலாளிக்குப் போகும் என்றார். 1980களில் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். ஆனால் திருத்துவதற்குத் தகர உடற்பாகங்கள் வேண்டுமே? பிரித்தானியாவில் மைனர் உற்பத்தி 1971லேயே முடிந்துவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அவர் தேடி வந்த இடம் இலங்கை. இங்கேயுள்ள பங்காளியோடு சேர்ந்து, மைனருக்கான பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றை உருவாக்கினார்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். காரை எங்களுக்கு விற்ற நாடு, அந்தக் காரைக் காப்பாற்ற எங்கள் கைகளைத் தேடி வந்தது. இல்லாமையில் நாங்கள் பழகிய வித்தைக்கு இருந்த மதிப்பை எங்களை விட அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

எங்கள் மிட்ஜெட் கதை 2021ல் தொடங்குகிறது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 1960கள் திரும்பி வந்த மாதிரி. ஓடாத காருக்கும் விலை ஏறியது. கொரோனாவால் பாடசாலை மூடியிருந்த மாதங்களில், இந்த இரும்புக் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாங்கள் என்றால் எங்கள் வீட்டார், மாமா, பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இருவர்.

முதல் பிழையை நாங்களே செய்தோம். இந்தக் காருக்கு லொறி மாதிரித் தனியான சட்டம் கிடையாது. தகர உடம்பேதான் முதுகெலும்பு. அதிலும் கூரை இல்லாத கார் என்பதால், கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. கண்டி மழைக்கு முதலில் கறள் பிடிப்பதும் அதே இடம். யூடியூப் பார்த்த தைரியத்தில், மாமா வருவதற்கு முன் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டோம். மறுநாள் பார்த்தால் கதவு மூடவில்லை. காரின் நடு மெதுவாகத் தொய்ந்து, கதவுக்கான இடைவெளி சுருங்கிவிட்டது. மாமா வந்தார். திட்டவில்லை. ஜக்கை வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கினார். கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை ஒட்டி இறுக்கினார். "முதல்ல கட்டு, பொறகு வெட்டு. ஒரு பக்கம் முடிச்சிட்டுத்தான் மத்தப் பக்கம்" என்றார். அவ்வளவுதான் பாடம். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்தோம். பிழை விட்ட மாணவனை எப்படித் திருத்துவது என்பதை அன்று பார்த்தோம்.

அடுத்தது ஸ்பேனர். எங்களிடம் இருந்தது மில்லிமீற்றர் ஸ்பேனர் பெட்டி. அந்தக் கார் முழுவதும் அங்குல அளவு. கிட்டத்தட்டப் பொருந்தும், ஆனால் இறுக்கும்போது வழுக்கி நட்டின் மூலைகளை மழுங்கடிக்கும். மாமா தன் பழைய அங்குல ஸ்பேனர்களைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். பற்றரியிலும் கவனம் வேண்டும். இன்றைய கார்களில் எதிர்முனை உடம்போடு இணையும். அந்தக் காலத்து பிரித்தானிய கார்களில் நேர்முனை. மாற்றிப் பூட்டினால் டைனமோவுக்குக் கேடு.

2022 வந்தது. பெற்றோல் வரிசை, கியூ.ஆர். அட்டை, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வெல்டிங் எப்படிச் செய்வது? கரண்ட் வரும் நேரத்தைப் பத்திரிகையில் பார்த்து வைத்து, நடுச்சாமத்தில் வேலை செய்தோம். பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

கன்வஸ் கூரையைத் தைத்தவர் த்ரீவீல் கூரை தைக்கும் ஒரு தையற்காரர். படத்தைக் காட்டினோம். இரண்டு தரம் சுற்றிப் பார்த்தார், அளவெடுத்தார், தைத்தார். இருக்கைகளுக்குக் குஷன் போட்டதும் அதே கடைதான். எஞ்சினின் வால்வு இருக்கைகளை லேத்தில் மாற்றினோம். பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெற்றோலுக்குப் பழகியவை. ஈயம் அந்த இருக்கைகள் தேயாமல் காத்தது. இலங்கையில் 2002லேயே ஈயம் கலந்த பெற்றோல் நின்றுவிட்டது. ஆகவே கடினமான இரும்பில் புது இருக்கை வைக்க வேண்டும். இதையும் மாமாதான் சொன்னார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. "இனி எதுக்கு மாஸ்டர் இந்தப் பழசு?" என்ற கேள்வியும் மீண்டும் வந்தது.

இப்போது அந்தக் குற்ற ஒப்புதல்.

வகுப்பில் கணக்குப் பிழைத்த பிள்ளையை, வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை, நாங்கள் என்ன சொல்லி ஏசியிருக்கிறோம்? "படிக்காவிட்டால் கராஜுக்குத்தான் போக வேண்டும்." எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகளிடம்! எங்களுக்கு எங்கள் ஆசிரியர்கள் சொன்னார்கள், நாங்கள் அடுத்த தலைமுறைக்குச் சொன்னோம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கூனிப்போன பிள்ளைகளில் பாஸ்மாரின் பிள்ளைகளும் இருந்தார்கள். தன் வாப்பாவின் தொழிலை ஆசிரியர் வகுப்பு முன்னால் தண்டனையாகச் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அது எங்களுக்கு அன்று உறைக்கவில்லை.

உறைத்த நாளைச் சொல்கிறோம். போன போயா விடுமுறையில் எஞ்சினை முதன்முறை ஓட வைத்தோம். இரைந்தது, ஆனால் சீராக இல்லை. இரண்டு காபரேட்டரும் சமமாகக் காற்றை இழுக்க வேண்டும். அதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஒரு றப்பர் குழாயின் ஒரு முனையைக் காபரேட்டரின் வாயில் வைத்து, மறு முனையைக் காதில் வைக்க வேண்டும். உஸ் என்ற சத்தம் கேட்கும். இரண்டிலும் அந்த உஸ் ஒரே அளவாக வரும்வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். மாமா குழாயைக் காதில் வைத்தார். நீண்ட நேரம் வைத்திருந்தார். பிறகு குழாயைக் கீழே இறக்கிவிட்டு, "கேக்குதில்ல மகன்" என்றார். நாற்பது வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காது.

நாங்கள் முயன்றோம். எங்களுக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் இருந்தது. அப்போது பக்கத்து வீட்டுப் பொடியன் குழாயை வாங்கினான். போன வருடம் சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாதவன். அந்தச் சொல்லை எங்கள் வாயாலேயே வாங்கியவன். கண்ணை மூடிக் கேட்டான். "முன்னால உள்ளது கூட இழுக்குது மாமா" என்றான். மாமா திருகாணியில் அவன் விரலை வைத்து, எவ்வளவு திருப்ப வேண்டும் என்று காட்டினார். கால் சுற்று. கேட்டான். இன்னும் கொஞ்சம். கேட்டான். எஞ்சின் ஒரு மூச்சு விட்ட மாதிரி அமைதியாகி, ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கியது.

மாமாவின் முகத்தைப் பார்த்தோம். எங்கள் முகத்தை அவர்கள் இருவரும் பார்க்காதது நல்லது.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை வகுப்பில் சொல்வதில்லை. கணிதம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. லேத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அளப்பதற்கும் கணிதம் வேண்டும். அந்தப் பொடியன் இப்போது அதற்காகவே பின்னங்களைக் கேட்டு எங்களிடம் வருகிறான். மீண்டும் பரீட்சை எழுதவும் போகிறான். நாங்கள் சொல்வது வேறு. கராஜும் ஒரு பள்ளிக்கூடம். அதன் ஆசிரியர்கள் எங்கள் ஊர்களில் வயதாகி, காது மங்கி, கை நடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தலைக்குள் இருக்கும் புத்தகத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அக்குறணை, மடவளை, கம்பளை, மாவனல்லை, கட்டுகஸ்தோட்டை என்று உங்கள் ஊரில் பழைய டிங்கர் பாஸ், லேத் பாஸ், ரேடியேட்டர் பாஸ், குஷன் பாஸ் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு வந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். 1960களில் எதை எதனால் செய்தார்கள், யாரிடம் வேலை பழகினார்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேட்போம். எங்கள் ஊரின் பொருளாதார வரலாறு அங்கேதான் இருக்கிறது. பழைய இலக்கத் தகடுகளோ, பழைய பற்றுச்சீட்டுகளோ அலுமாரியில் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள்.

காருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. பிரேக் குழாய்கள் மாற வேண்டும். எல்லாம் சரியாகி, பரிசோதனையும் முடிந்தால், முதல் பயணம் கடுகண்ணாவை ஏற்றம்தான். பக்கத்து இருக்கையில் மாமா. இரண்டு பேருக்குத்தான் இடம் என்பதால் அந்தப் பொடியன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருவான், கையில் தண்ணீர்ப் போத்தலோடு.

உம்மாவுக்கும் பதில் சொல்லிவிட்டோம்: அடுத்த ரமழானுக்கு முன் தூக்கிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.